நல்லவரா, வல்லவரா? வேலூர்ப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். சி.எஸ்.ஐ. சபைக்காரன், ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவன். கிறிஸ்தவக் கடவுளின் வல்லமையையும் நன்மையையும் பற்றி நம்பாதவர்கள் தாராளமாகக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். நம்புகிறவர்களும் சேர்ந்து கேட்டிருக்கிறார்கள்.

காட்பாடி: தீமையை நீக்கக் கடவுளுக்கு மனமிருந்தும் முடியவில்லை என்றால் அவர் வல்லவர் இல்லை. முடிந்தும் மனமில்லை என்றால் நல்லவர் இல்லை. மனமும் உண்டு, பலமும் உண்டு என்றால் தீமை எங்கிருந்து வந்தது சார்?

பழைய கிரேக்கத் தத்துவவாதி எபிக்யூரஸ் பேரில் வழங்கும் கேள்வி இது. வேடிக்கை என்னவென்றால், இதை எழுதிவைத்து நம் கைவரை வரச் செய்தவர்களில் ஒருவர் 4ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவரான லாக்டான்சியஸ். பதில் சொல்லிவிட்டதாகத்தான் அவர் நினைத்தார். கேள்விதான் நிலைத்தது.

1955இல் ஜே.எல். மெக்கி என்ற தத்துவவாதி இதற்கு மறுபடி சாணை பிடித்தார். வல்லவர், நல்லவர், தீமை உண்டு, இந்த மூன்றையும் ஒருவர் சேர்த்து நம்பினால் தர்க்கப்படியே முரண் என்றார். 1974இல் கிறிஸ்தவத் தத்துவவாதி ஆல்வின் பிளான்டிங்கா கொடுத்த பதில்: மனிதனுக்கு உண்மையான சுதந்திரம் கொடுத்துவிட்டு, அவன் ஒருபோதும் தப்பு செய்யாதபடியும் பார்த்துக்கொள்வது கடவுளுக்கே ஆகாத காரியமாக இருக்கலாம். அந்த 'இருக்கலாம்' ஒன்றே முரணை உடைக்கப் போதும். நாத்திகத் தத்துவவாதிகள் பலரும் இதை ஒத்துக்கொண்டார்கள்.

ஆனால் முரண் இல்லை என்பது வேறு, நம்பத் தகுந்தது என்பது வேறு. 1979இல் வில்லியம் ரோ என்ற தத்துவவாதி ஒரு மான்குட்டியை உதாரணம் காட்டினார். காட்டுத்தீயில் வெந்து, நாள்கணக்கில் துடித்துச் சாகிறது. பார்க்க ஆளில்லை, பாடம் கற்க ஆளில்லை. கோடையில் ஜவ்வாது மலை எரிவதைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் புத்தக உதாரணம் இல்லை. மான்குட்டி எந்தச் சுதந்திரத்தைத் தப்பாகப் பயன்படுத்தியது? இதற்கு மனம் ஏற்கிற பதிலை எந்த இறையியலாளரிடமும் நான் படித்ததில்லை.

அரக்கோணம்: தன்னால் தூக்க முடியாத கல்லைக் கடவுளால் படைக்க முடியுமா?

முடியாது. அதனால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. வட்டமான சதுரம் என்பது செய்யக் கடினமான வேலை இல்லை, அது வேலையே இல்லை. தாமஸ் அக்வினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே இதைச் சொல்லி முடித்துவிட்டார். கடவுளால் பொய் சொல்லவும் முடியாது என்று பைபிளே சொல்கிறது.

சோளிங்கர்: நியாயாதிபதிகள் 1:19இல் கர்த்தர் கூட இருந்தும் இருப்பு ரதங்களை வெல்ல முடியவில்லையே? இவர்தான் சர்வவல்லவரா?

துரத்த முடியாமல் போனது யூதா கோத்திரம். நாலாம் அதிகாரத்தில் கானானியத் தளபதி சிசெராவின் 900 இருப்பு ரதங்கள் என்ன ஆயின என்று படியுங்கள். வாட்ஸப்பில் வருகிற ஒற்றை வசனத்தை வைத்துச் சண்டைக்குக் கிளம்பாதீர்கள். இது இரு தரப்புக்கும்தான்.

ஆற்காடு: கல் விஷயம்...

அரக்கோணத்துக்குச் சொன்னதைப் பாருங்கள்.

தோட்டப்பாளையம்: ஐடா ஸ்கடர் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் பிரசவத்தில் செத்தார்கள், அதனால்தான் சி.எம்.சி. ஆஸ்பத்திரி வந்தது, எல்லாம் கர்த்தரின் திட்டம் என்கிறார்கள். ஆஸ்பத்திரி கட்ட மூன்று பேரைச் சாகடிக்கிறவர் நல்லவரா?

இந்த ஒரு கேள்விக்காகவே மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

நடந்தது 1890களில், திண்டிவனத்தில். ஐடாவின் அப்பா ஜான் ஸ்கடர் அங்கே மிஷனரி டாக்டர். ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து என்று மூன்று கணவர்கள் அந்த இரவில் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது, நீ வா என்று ஐடாவைக் கூப்பிடுகிறார்கள். 'எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பா வருவார்' என்கிறாள். ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று திரும்பிப் போகிறார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. ஐடா அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து, 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்தார்.

இப்போது சாவுக்குக் காரணம் எது என்று பாருங்கள். வழக்கம் ஒன்று. பெண் டாக்டர் இல்லாதது இரண்டு. இரண்டும் மனிதர்கள் செய்தது. அந்தப் பெண்களை ஆஸ்பத்திரிக்கு அஸ்திவாரக் கல்லாகக் கர்த்தர் புதைத்தார் என்று சொல்வது சாட்சி இல்லை, அவதூறு. கர்த்தர் மேலும் அவதூறு, அந்தப் பெண்கள் மேலும் அவதூறு. நான் கேட்ட பிரசங்கங்களில் அவர்களுக்குப் பெயர்கூடக் கிடையாது, எண்ணிக்கை மட்டும்தான். ஐடா செய்ததைக் கவனியுங்கள். 'ஏன் செத்தார்கள்' என்று விளக்கிக்கொண்டிருக்கவில்லை, இனி யாரும் இப்படிச் சாகக்கூடாது என்று படிக்கப் போனார். நல்லது பிறகு வந்தது என்பதால் முன்னால் நடந்தது நல்லதாகிவிடாது.

'அப்படியானால் அன்றிரவே ஒரு மருத்துவச்சியை அனுப்பியிருக்கலாமே' என்று அடுத்துக் கேட்பீர்கள். கேளுங்கள். நானும் அதைத்தான் ஜெபத்தில் கேட்கிறேன். 88ஆம் சங்கீதம் முழுக்க அப்படிப்பட்ட கேள்விதான், ஆறுதல் வராமல் இருட்டிலேயே முடிகிறது. அதையும் நீக்காமல் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

பாகாயம், நர்சிங் மாணவி: வலி ஒரு வரம் என்று டாக்டர் பால் பிராண்ட் சொன்னதாக வகுப்பில் கேட்டேன். அது போதாதா சார்?

பாதிக்குப் போதும் அம்மா. தொழுநோய் விரலை அரித்துத் தின்கிறது என்றுதான் ஊர் நம்பியது. உணர்ச்சி செத்துப்போவதால் கை தானே காயப்பட்டு, சீழ் பிடித்து அழிகிறது என்று பிராண்ட் இங்கே வேலூரில் காட்டினார். சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் பிடிப்பார்கள். தூங்கும்போது எலி விரலைக் கடித்தாலும் தெரியாது. அதற்காகவே நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள். ஆகவே வலி காவல்தான், சந்தேகமில்லை. ஆனால் முற்றிய புற்றுநோயில் வருகிற வலி எதைக் காக்கிறது? வீடு எரிந்து முடிந்த பிறகும் அடித்துக்கொண்டே இருக்கிற மணி அது. வார்டில் அந்த நோயாளியிடம் வலி வரம் என்று தயவுசெய்து சொல்லாதே. கர்த்தருக்குச் சித்தம் என்றும் சொல்லாதே. மார்ஃபின் நேரத்துக்குக் கிடைக்கிறதா என்று பார்.

குடியாத்தம்: நான் சைவன். ஒன்றுமில்லாததிலிருந்து எல்லாவற்றையும் ஒருவரே படைத்தார் என்றதால் வந்த வினை இது. எங்களுக்கு வினைக்கொள்கை உண்டு, சிக்கலே இல்லை.

சித்தாந்தத்துக்கு என் மரியாதை உண்டு ஐயா. பதி, பசு, பாசம், அதாவது இறைவன், உயிர், தளை, மூன்றும் அநாதி. உயிரைப் பற்றிய மலம் என்கிற அழுக்கைச் சிவன் படைக்கவில்லை, நீக்குகிறவன் மட்டுமே. அதனால் அவன் நன்மை காப்பாற்றப்படுகிறது. கிறிஸ்தவத்துக்கு அந்த வாசல் அடைபட்டதுதான். ஆனால் வினை என்பதை எடுத்துக்கொண்டு துக்க வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். 2021 நவம்பர் மழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் செத்தார்கள், 4 பேர் குழந்தைகள். எந்தப் பிறவிக் கணக்கு என்று அந்த வாசலில் நின்று சொல்வீர்களா?

ராணிப்பேட்டை: நடுவில் வருகிறேன். நான் பெரியார் கட்சி. குறள் 1062 பாருங்கள், பிச்சையெடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டுமென்றால் உலகைப் படைத்தவன் அலைந்து கெடட்டும் என்கிறார். உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான். முன்வினை என்று அவர் சொன்னால் என்ன, பாவம் என்று நீங்கள் சொன்னால் என்ன? குஷ்டரோகியை இரண்டு பேரும்தானே ஊருக்கு வெளியே வைத்தீர்கள்?

வைத்தோம். லேவியராகமம் 13 சாட்சி.

குடியாத்தம்: வினை என்பது பழி சொல்ல அல்ல, காரணம் சொல்ல. காரணமே இல்லாத துன்பம்தான் கொடுமை. ஒரு பாவமும் செய்யாத குழந்தை காரணமின்றிச் செத்தது என்பதா உங்கள் ஆறுதல்?

ஆறுதல் என்று நான் சொல்லவேயில்லையே. பிறவிக் குருடனைக் காட்டி 'இவன் பாவமா, பெற்றோர் பாவமா' என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு இரண்டும் இல்லை என்றார். சிலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று தானே பதில் சொன்னார். ஏன் விழுந்தது என்று மட்டும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவிடம் அவன் சிநேகிதர்கள் அதற்குக் காரணம் சொன்னார்கள், அழகாகச் சொன்னார்கள். நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டது அவர்கள் மேல்தான், திட்டித் தீர்த்த யோபு மேல் இல்லை. காரணம் தெரியாத துன்பம் கொடுமைதான். தப்பான காரணத்தை ஒட்டிவிடுவது அதைவிடக் கொடுமை. ராணிப்பேட்டைக்காரர் இதில் என் பக்கம், அவருக்குப் பிடிக்காவிட்டாலும்.

ராணிப்பேட்டை: நான் யார் பக்கமும் இல்லை. பதில் சொல்ல முடியாதவரை ஏன் கும்பிடுகிறீர்கள் என்பதே என் கேள்வி.

நியாயமான கேள்வி. சிலுவையில் 'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்று இயேசுவே கேட்டார், அவருக்கும் பதில் வரவில்லை. அந்தப் பக்கம் நிற்கிற கடவுளைத்தான் கும்பிடுகிறேன். இது உங்களுக்கு வாதம் ஆகாது, தெரியும்.

வாலாஜா: 1 சாமுவேல் 15இல் கர்த்தர் அமலேக்கியரின் பால்குடிக்கிற பிள்ளைகளையும் கொல்லச் சொன்னாரே?

அக்காலத்துப் போர்ப்பேச்சு அது என்பார்கள். மோவாப் ராஜா மேசாவின் கல்வெட்டும் இஸ்ரவேல் என்றென்றைக்கும் அழிந்தது என்கிறது, அழியவில்லை. அமலேக்கியரும் 27ஆம் அதிகாரத்தில் மறுபடி வருகிறார்கள். இது செத்தவர் எண்ணிக்கையைக் குறைக்கும். கட்டளையை நியாயப்படுத்தாது. நானும் நியாயப்படுத்தவில்லை.

ஆம்பூர்: கடவுளால் தன்னாலேயே திறக்க முடியாத பூட்டைச் செய்ய முடியுமா?

கல் பூட்டாகிவிட்டதா? அரக்கோணம்.

திருப்பத்தூர்: என் அம்மாவுக்குச் சர்க்கரை. சர்வவல்லவரை நம்பினால் ஊசி எதற்கு என்று ஜெபக்கூட்டத்தில் சொல்லி, ஒரு வாரமாக இன்சுலின் போடவில்லை. கடவுள் நல்லவர் என்று நம்புகிறவர் இப்படிச் செய்யலாமா?

தத்துவம் பிறகு பேசலாம் தம்பி. தானாகச் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். வாந்தி, மூச்சு வாங்குவது, அதிகமான சோர்வு இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்கு. ஊசியை நிறுத்தச் சொன்னவர் வீட்டுக்கு வந்தால் என் நம்பரைக் கொடுங்கள், வசனம் வசனமாக நான் பேசிக்கொள்கிறேன்.