பிடியரிசியில் படித்த இறையியல்

கேள்வி: என் தங்கைக்கு பி.டி. (இறையியல் பட்டம்) படிக்க உதவித்தொகை கிடைக்கும்போல இருக்கிறது. அப்படிப் படித்த பெண்களுக்கு ஊழியத்திலும் போதனையிலும் நிஜமாகவே ஏதாவது மாறுகிறதா, இல்லை வெறும் சான்றிதழ்தானா?

மாறும். ஆனால் எந்தப் பக்கமாக மாறும் என்பதில் பணம் கொடுப்பவர்களுக்கும் பங்கு உண்டு. என் கதையையே சொல்கிறேன்.

தென்காசிப் பக்கம் ஒரு கிராமம். அம்மா பீடி சுற்றினார்கள். பி.எஸ்சி. முடித்துவிட்டு இறையியல் படிக்கப் போகிறேன் என்றபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லை. கையில் காசு இல்லை, அவ்வளவுதான். கல்லூரிக் கட்டணத்தை வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று ஏற்றுக்கொண்டது. மெஸ் பில்லையும் புத்தகச் செலவையும் எங்கள் சேகரத்து, அதாவது ஒரு குருவானவர் பொறுப்பிலுள்ள சபைகளின், பெண்கள் ஐக்கிய சங்கம் பார்த்துக்கொண்டது. அது பிடியரிசிப் பணம். கேள்விப்படாதவர்களுக்காக: உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைத்து, ஆலயத்துக்குக் கொண்டுவந்து, விற்றுச் சேர்க்கிற காணிக்கை.

அறக்கட்டளைக்கு வருடா வருடம் கிறிஸ்மஸுக்கு முன்னால் ஒரு நன்றிக் கடிதம் போட வேண்டும், இங்கிலீஷில், போட்டோவோடு. மூன்றாம் வருடக் கடிதத்தை முதல் வருடக் கடிதத்தைப் பார்த்து அப்படியே எழுதி அனுப்பினேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. பிடியரிசிக்காரர்களிடம் அந்த வேலை நடக்காது. லீவுக்கு ஊருக்குப் போனால், மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டே கேட்பார்கள்: “இந்தத் தடவ என்ன பிள்ள படிச்ச?” சொல்லியாக வேண்டும். அவர்களுக்கு விளங்குகிற மாதிரியும் சொல்ல வேண்டும்.

இரண்டாம் வருடம் பழைய ஏற்பாட்டின் மூல மொழியான எபிரெயம் எடுத்தேன். கல்யாண வீட்டில் ஐயர் (எங்கள் பக்கம் குருவானவரை அப்படித்தான் சொல்வோம்) தவறாமல் எடுக்கிற ஆதியாகமம் 2:18 இருக்கிறதே, ‘ஏற்ற துணை’. கேட்டதும் பாதிப் பேருக்குச் சோறு பொங்குவதும் துணி துவைப்பதும்தான் ஞாபகம் வரும். அந்தத் ‘துணை’க்கு மூலத்தில் ‘எஸெர்’ என்று சொல். அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அதே சொல் 121-ஆம் சங்கீதத்திலும் கிடைத்தது. வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து வருகிற ‘ஒத்தாசை’யும் எஸெர்தான். பழைய ஏற்பாட்டில் அந்தச் சொல் பெரும்பாலும் கடவுளின் உதவியைப் பற்றித்தான் வருகிறது. நம் வேதாகமத்தில் ஓரிடத்தில் துணை, இன்னோரிடத்தில் ஒத்தாசை என்று இருப்பதால் இரண்டும் ஒன்று என்பது கண்ணில் படுவதே இல்லை.

இதை அந்த லீவில் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். இலை வெட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி கத்தரியை நிறுத்திவிட்டு, “அப்பம் கல்யாண வீட்ல இம்புட்டு நாளாச் சொன்னது பாதிதானா?” என்றார்கள். எனக்கு எந்தப் பேராசிரியரும் போட்ட மார்க்கைவிட அந்தக் கேள்விதான் பெரிது. அதற்கப்புறம் வகுப்பில் எதைப் படித்தாலும், இதைத் திண்ணையில் எப்படிச் சொல்வது என்றே மனசு ஓடும். இன்றும் என் பிரசங்கம் அப்படித்தான் தயாராகிறது.

ரோமர் 16:7-இல் வரும் யூனியாவும் அப்படி ஒரு லீவுக் கதைதான். தமிழில் ‘அவர்கள்’ என்று போய்விடுவதால் ஆணா பெண்ணா என்று நமக்குக் கேள்வியே எழாது. நான்காம் நூற்றாண்டின் திருச்சபைத் தந்தை கிறிசோஸ்தோம் அவரைப் பெண் என்றே எடுத்துக்கொண்டு, அப்போஸ்தலர் என்ற பேருக்குத் தகுதியானவர் என்று வியந்திருக்கிறார். அதைச் சொன்ன அன்றைக்குக் கூட்டம் முடிய ராத்திரி ஒன்பதரை.

சரி, மாறாததையும் சொல்ல வேண்டும். நல்ல மார்க்கோடு திரும்பி வந்த எனக்கு முதலில் கிடைத்தது பெண்கள் விடுதி வார்டன் வேலை. இரண்டு வருடம் அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் எண்ணினேன். பெண்கள் ஞாயிறு வந்தால் மட்டும் பிரசங்க பீடம். என்னோடு படித்த பையன்கள் அதற்குள் சேகரம் பார்க்கப் போய்விட்டார்கள். சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபையில்) பெண்களுக்குக் குருப்பட்டம் உண்டு. 2013-இல் ஆந்திராவின் நந்தியாலில் பேராயராக, அதாவது பிஷப்பாக, புஷ்பலலிதா அம்மா பொறுப்பேற்று, அந்தத் திருச்சபையின் முதல் பெண் பேராயரானார். ஆனால் சட்டம் ஒன்று, சேகரக் கமிட்டியின் மனசு வேறு. குருப்பட்டம் பெற்ற பிறகும் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று ஊரில் குழப்பம். எங்கள் பக்கம் ‘ஐயரம்மா’ என்றால் ஐயருடைய மனைவி. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். அவரை ‘ஐயர்’ என்று ஒருவர் கூப்பிட்டே விட்டார்.

உங்கள் தங்கை விஷயத்துக்கு வருகிறேன். பி.டி. என்றால் அநேகமாக செராம்பூர் செனட் பட்டமாகத்தான் இருக்கும். டென்மார்க் அரசர் 1827-இல் செராம்பூர் கல்லூரிக்குக் கொடுத்த சாசனத்தின் பலத்தில் இன்றும் வழங்கப்படுகிற பட்டம் அது. தமிழில் படிக்க மதுரை அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரி, ஆங்கிலம் சரளமாக வருமென்றால் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரி. தமிழில் படித்தால் மதிப்புக் குறைவு என்பார்கள், நம்ப வேண்டாம். தமிழ்ச் சபையில் போதிக்கப் போகிறவருக்கு அதுதான் சௌகரியம்.

உதவித்தொகைக் கடிதத்தில் மெஸ்ஸும் புத்தகமும் அடங்குமா, முடித்ததும் எத்தனை வருடம் அவர்கள் சொல்கிற இடத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கிறதா என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பேராயத்தின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் சொந்தமாகப் படித்துவிட்டு, முடித்தபின் போஸ்டிங் கேட்டு அலைகிற பெண்களை எனக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் பிடியரிசி இப்போது அரிசியாக வருவதில்லை, கவரில் ரூபாயாக வருகிறது. போன வருடம் அதில் இரண்டு பெண்கள் உதவி கேட்டார்கள், இரண்டு பேருமே நர்சிங் படிக்க. கொடுத்தோம். எனக்கு அப்புறம் அங்கிருந்து இறையியலுக்கு என்று இதுவரை ஒருத்தியும் கேட்கவில்லை.