சட்டம் கேளுங்கள்: மரபணு அறிக்கை மட்டும் போதுமா?

கேள்வி: விவாகரத்து வழக்கு நடக்கும் நிலையில், ஐந்து வயது மகனுக்கு ஜீவனாம்சம் கேட்டு மனைவி மனு செய்திருக்கிறார். சலூனில் வெட்டிய அவனது முடியை யாருக்கும் தெரியாமல் ஒரு தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். நான் தந்தை அல்ல என்று அறிக்கை வந்துள்ளது. அதைத் தாக்கல் செய்தால் வழக்கு முடிந்துவிடுமா?
- வாசகர், திருச்சி

பதில்: முடியாது. வேரில்லாமல் கத்தரித்த முடியில் தந்தைவழியை ஒப்பிடத் தேவையான டி.என்.ஏ. பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பதால், அந்த அறிக்கையை நீங்களே சந்தேகிக்க வேண்டும். மாதிரி யாருடையது என்பதற்குச் சாட்சியும் இல்லை. நீதிமன்ற உத்தரவின்படி நடக்கும் சோதனையில், தாய், குழந்தை, தந்தை எனக் கூறப்படுபவர் ஆகியோரின் அடையாளம் சரிபார்க்கப்பட்டு, ரத்தமோ கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் துடைத்த மாதிரியோ எடுக்கப்பட்டு, கையெழுத்துடன் முத்திரையிட்டு அனுப்பப்படும்.

அதைவிடப் பெரிய தடை சட்டத்திலேயே இருக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 112-ஆவது பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 116-ஆவது பிரிவாக உள்ளது. அதன்படி, திருமண பந்தம் நீடிக்கும்போதோ, அது முடிந்து தாய் மறுமணம் செய்யாதிருக்கும் நிலையில் 280 நாள்களுக்குள்ளோ பிறந்த குழந்தை, கணவனின் குழந்தை என்பதற்கு அதுவே முடிவான சான்று. கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் இருவரும் கூடியிருக்க வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தால் மட்டுமே இந்த அனுமானம் விலகும். நீங்கள் அப்போது வெளிநாட்டில் இருந்தீர்களா, பாஸ்போர்ட்டில் முத்திரை உண்டா என்பதைத்தான் நீதிபதி முதலில் கேட்பார். அதற்கான முகாந்திரம் இல்லாமல் சோதனைக்கு உத்தரவிடக் கூடாது என்று 1993-லேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது; மனைவியின் நடத்தை மீதான சந்தேகத்துக்காகக் குழந்தையைச் சோதனைக்கு இழுக்கக் கூடாது என்று 2023-இல் மீண்டும் வலியுறுத்தியது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. இந்த வழக்கில் பேச வாயில்லாத தரப்பு உங்கள் மகன்தான்.

ஆனால், உத்தரவுப்படி நடந்த சோதனையின் முடிவு எதிராக வந்துவிட்டால் நிலைமை மாறும். 2014-இல் முடிவான ஒரு ஜீவனாம்ச வழக்கில், நாக்பூர் ஆய்வக முடிவை மனைவி ஏற்காததால் ஹைதராபாத்தில் மறுபரிசோதனை நடந்தது. அதுவும் கணவர் தந்தை அல்ல என்றே காட்டியது. சட்ட அனுமானமும் அறிவியல் சான்றும் முரண்படும்போது அறிவியலே மேலோங்கும் என்ற உச்ச நீதிமன்றம், அதே சமயம், கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற அனுமதிக்கவில்லை. எனவே, இடைக்கால உத்தரவு வந்திருந்தால் பணத்தை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: திருமணம் ஆகவில்லை. குழந்தையின் தந்தை பொறுப்பேற்கவும் சோதனைக்கு வரவும் மறுக்கிறார்.
- வாசகி, மதுரை

பதில்: திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவு ஜீவனாம்ச உரிமை தருகிறது. உறவைக் காட்டும் கைப்பேசிச் செய்திகள், மருத்துவமனைப் பதிவுகள் ஆகியவற்றுடன் சோதனை கோருங்கள். உத்தரவுக்குப் பிறகும் அவர் வராவிட்டால், முடிவு அவருக்குப் பாதகமாகவே இருந்திருக்கும் என நீதிமன்றம் ஊகிக்கலாம். சோதனைக்கு மறுத்துவந்த உத்தரப் பிரதேச, உத்தராகண்ட் முன்னாள் முதல்வர் என்.டி. திவாரியே, 2012-இல் உச்ச நீதிமன்றமும் அவருக்கு விலக்களிக்க மறுத்த பிறகு டேராடூன் இல்லத்தில் ரத்தம் கொடுத்தார். அவரே தந்தை என முடிவு வந்தது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், பெண் என்ற முறையில், வருமான வரம்பின்றி உங்களுக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.