அந்த இன்னொரு மாப்பிள்ளை

அன்புள்ள அக்கா,

காதல் நகைச்சுவைப் படங்கள் என்றால் எனக்கு உயிர். போன வருடம் எனக்குத் திருமணம் நிச்சயமானது. தேதி நெருங்கும்போது அவள் வந்து, பழைய காதலை மறக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு விலகிக்கொண்டாள். அவள்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் ஆசை, ஆனால் இருக்கிறது.

சமீபத்தில் மனதை மாற்றிக்கொள்ள ஒரு படம் போட்டேன். கடைசியில் கதாநாயகி மணக்கோலத்தில் ஓடிப்போய்க் காதலனோடு சேர்கிறாள். எப்போதும் விசிலடித்துப் பார்க்கும் காட்சி. இந்த முறை அவள் விட்டுவிட்டுப் போன மாப்பிள்ளையையே தேடிக்கொண்டிருந்தேன். கேமரா அவன் பக்கம் திரும்பவே இல்லை. இந்தப் படங்களின் கணக்கில் நான் யார்? இனி இவற்றைப் பார்க்காமல் இருப்பதுதான் நல்லதா?

(பெயர் வேண்டாமே)

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் கேட்டிருப்பது இந்த வகைப் படங்களின் அடிமடியிலேயே கை வைக்கிற கேள்வி. இரண்டு பேர் சேர வேண்டும், அதற்கு ஒரு தடை வேண்டும். தடை பணமோ குடும்பமோ என்றால் கதை கனத்துவிடும். சிரிப்பும் வேண்டும் என்பவர்களுக்குக் கைக்கு எட்டுகிற தடை இன்னொரு மனிதன்தான். ஆனால் அவனைக் கடைசியில் கழற்றிவிடும்போது பார்க்கிறவர்களுக்கு உறுத்தக் கூடாது. அதனால் எழுதுகிறவர்கள் முதல் காட்சியிலிருந்தே அவனைச் சிறியவனாக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

1934இல் வந்த ‘இட் ஹேப்பண்ட் ஒன் நைட்’ என்ற ஹாலிவுட் படத்தில் மாப்பிள்ளை தன் திருமணத்துக்கே ஆட்டோஜைரோவில், அதாவது ஹெலிகாப்டர் மாதிரியான ஒரு விமானத்தில், வந்து இறங்குகிற பகட்டுக்காரன். பெண் ஓடிப்போகிறாள். அவள் அப்பா அவனுக்குப் பணம் கொடுத்துக் கணக்கை முடிக்கிறார். பணத்தை வாங்கிக்கொண்டான் இல்லையா, இனி அவனுக்காக யார் வருத்தப்படப் போகிறார்கள்?

கெட்டவனாக்க முடியாவிட்டால் அசடாக்குவார்கள். ரால்ஃப் பெல்லமி என்ற நடிகரை இதற்கென்றே கூப்பிட்டார்கள். 1937இல் ‘தி ஆஃபுல் ட்ரூத்’, 1940இல் ‘ஹிஸ் கேர்ள் ஃபிரைடே’. இரண்டிலும் கதாநாயகன் கேரி கிராண்ட் தன்னைப் பிரிந்த மனைவியைத் திரும்பப் பிடித்துக்கொள்வார், அவள் மணக்கவிருந்த பெல்லமி வெறுங்கையோடு போவார். இரண்டிலும் அவர் அம்மா பிள்ளை, இரண்டிலும் நல்லவர். இரண்டாவது படத்தில் அந்த மாப்பிள்ளைக்கு அடையாளம் சொல்லும் கிராண்ட், சினிமாவில் வருகிற ரால்ஃப் பெல்லமி மாதிரி இருப்பான் என்றே சொல்வார். நானும் ரசித்த இடம்தான் அது. ஆனால் உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு யோசித்தால், அந்த மனிதர் செய்த தவறு என்ன? ஒரு பெண்ணை நம்பினார், அவ்வளவுதான். அவரை அசடாகக் காட்டுவது எழுத்தாளரின் வசதிக்காக. உண்மையில் விடப்பட்டவர்களைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை. தயவுசெய்து அந்தப் படங்களின் கண்ணால் உங்களைப் பார்த்துக்கொள்ளாதீர்கள்.

கேமரா திரும்பிப் பார்க்கிற படங்களும் உண்டு. 1993இல் நோரா எஃப்ரான் இயக்கிய ‘ஸ்லீப்லெஸ் இன் சியாட்டில்’. கதாநாயகி மெக் ரையனுக்கு நிச்சயமான வால்டராக பில் புல்மன். வால்டருக்கு எதைத் தொட்டாலும் ஒவ்வாமை; பாதிப் படம்வரை அதை வைத்துச் சிரிக்க வைக்கிறார்கள், பழைய தந்திரம்தான். ஆனால் அவள் உண்மையைச் சொல்லும் இடத்தில் எஃப்ரான் அவசரப்படவில்லை. இருவரையும் ஒரு மேஜையில் எதிரெதிரே உட்கார வைத்து, அவனைப் பேச விடுகிறார். ஒருத்தி வேறு வழியில்லாமல் ஒப்புக்கொள்கிற ஆளாக இருக்க எனக்கு விருப்பமில்லை என்கிறான் வால்டர். கெஞ்சவில்லை, சாபம் விடவில்லை. அதுவரை நாம் சிரித்த மனிதன் அந்தச் சில நிமிடங்களில் படத்திலேயே நிமிர்ந்து நிற்கும் ஆளாகிவிடுகிறான். அவளும் கொடுமைக்காரியாகவில்லை. என்னைக் கேட்டால், காதலர்கள் கடைசியில் சந்திக்கிற புகழ்பெற்ற காட்சியைவிட இதுதான் அந்தப் படத்தின் சிறந்த காட்சி.

இன்னும் துணிந்தது 1997இல் வந்த ‘மை பெஸ்ட் ஃபிரெண்ட்ஸ் வெட்டிங்’. அதில் வெறுங்கையோடு நிற்பது ஜூலியா ராபர்ட்ஸ், அதாவது கதாநாயகியே. நண்பனின் திருமணத்தைக் கலைக்க என்னென்னவோ செய்து தோற்கிறாள்.

நம்மிடம் பாக்யராஜின் ‘அந்த 7 நாட்கள்’ இருக்கிறது, 1981. அதில் பாக்யராஜே நடித்த பாலக்காட்டு மாதவனைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். கடைசியில் காதலியை அவள் கணவனே அவனிடம் ஒப்படைக்க முன்வரும்போது, மறுத்துவிட்டு நடந்து போகிறவன் அந்தச் சிரிப்புக்காரன்தான். அவன் சொல்கிற காரணம், தாலி, பண்பாடு, எனக்கு இன்றும் ஒப்பவில்லை. அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்பது அதில் அமுங்கிப்போகிறது. ஆனாலும் இழந்தவனைச் சின்னவனாக்காமல் அவன் கூடவே கடைசிவரை நின்ற படம் அது.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நீங்கள் அந்தப் படங்களின் கதாநாயகன் இல்லை, வில்லனும் இல்லை. படம் முடிந்த பிறகும் நாள் ஓட்ட வேண்டிய ஆள். அவள் திருமணத்துக்கு முன்பே நேரில் வந்து சொன்னாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைக்கிறேன், இப்போது அப்படித் தோன்றாவிட்டாலும். அதற்காகக் கோபப்படக் கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. வால்டர் மாதிரி அந்த நிமிடமே பெருந்தன்மையாக இருக்க வேண்டும் என்று உங்களை நீங்கள் வருத்திக்கொள்ளாதீர்கள். அவனுக்கு வசனம் எழுதிக் கொடுக்க நோரா எஃப்ரான் இருந்தார்.

படங்களை இப்போதைக்கு நிறுத்தி வைக்கலாம். அப்புறம் பார்க்கத் தோன்றினால் ஓடிப்போகிற காட்சிகளை விட்டுவிட்டு ‘ஸ்லீப்லெஸ் இன் சியாட்டில்’ போடுங்கள். அந்த மேஜைக் காட்சியைப் பார்த்த பிறகு எனக்கு எழுதுங்கள். உங்களுக்கு வால்டர் யார் மாதிரித் தெரிந்தான் என்று கேட்க ஆவலாக இருக்கிறது.

அன்புடன்,
அக்கா