பின்ஸ்ட்ரைப் கோட்டைத் தனியாகப் போடலாமா?

நண்பரே, மெல்லிய கோடு போட்ட கருநீல பின்ஸ்ட்ரைப் சூட்டில் பேன்ட் கிழிந்துவிட்டது, கோட்டை மட்டும் ஜீன்ஸோடு போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்றுதான் சொல்வேன். துணியைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள்: புள்ளி புள்ளியாக ஓடும் மெல்லிய கோடு, வழவழப்பான கம்பளி, லேசான பளபளப்பு. சொரசொரப்பான ஜீன்ஸுக்கு மேலே அதைப் போட்டால், பேன்ட்டைத் தொலைத்துவிட்டு வந்தவர் மாதிரிதான் தெரியும்.

இதுவே சாக்பீஸில் இழுத்தது போல ஓரம் மங்கிய அகலக் கோடு, மெத்தென்ற ஃபிளானல் கம்பளித் துணி என்றால் சாம்பல் நிற ஃபிளானல் பேன்ட்டோடு தாராளமாகப் போடலாம். சுருக்கம் விழுந்த சீர்சக்கர் பருத்தியும் அப்படித்தான். கோடு இருந்தாலும் அதில் ஆபீஸ் வாடை கிடையாது, நம் ஊர் வெயிலுக்கும் தோது.

கோடு போட்ட பேன்ட்டைத் தனியாகப் போடுவதற்கோ பழைய மரபே உண்டு. 1920-களில் ஜெர்மனி வெளியுறவு அமைச்சர் ஸ்ட்ரெசமான் கறுப்புக் கோட்டும் சாம்பல் நிறத்தில் கோடு போட்ட பேன்ட்டுமாக வருவார். அந்த உடைக்கே அவர் பெயர் வந்துவிட்டது.

சரி, உங்கள் பேன்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கால் மடிப்புக்குள் இருக்கும் துணியிலிருந்து இழை எடுத்து, கிழிசலைப் பின்னி அடைக்கும் டார்னிங் வேலையைச் செய்யச் சொல்லுங்கள். கிழிசல் சின்னதென்றால் சூட்டே பிழைத்துவிடும்.