ஹால்ஸ்டாட்டில் ஒரு நாள், அம்மாவுக்கு முட்டி வலி

ஆஸ்திரியாவில் ஏரிக்கரை ஊரான ஹால்ஸ்டாட்டுக்குச் சால்ஸ்பர்க்கிலிருந்து ரயிலில் போய் மாலையே திரும்ப வேண்டும், அம்மாவால் அதிகம் ஏற முடியாது என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். உப்புச் சுரங்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். மேலே போனதும் ஏற்ற நடை, உள்ளே படிகள், மொத்தம் மூன்று மணி நேரம் போய்விடும்.

பலர் தடுமாறுவது ரயில் நிலையத்தில்தான். அது ஏரியின் எதிர்க்கரையில் இருக்கிறது. ரயில் வரும் நேரத்தையொட்டிப் படகு புறப்படும். அதற்குத் தனிச் சீட்டு வேண்டும், சில்லறை யூரோ வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் படகு சீக்கிரமே நின்றுவிடும். ஆகவே முதலில் கடைசிப் படகின் நேரத்தைப் பார்த்து, அதற்கு முந்தையதில் திரும்பத் திட்டமிடுங்கள்.

ஊர் மேற்குக் கரையில், செங்குத்தான மலையடியில் இருப்பதால் வெயில் சீக்கிரம் மறைந்துவிடும். அதனால் இறங்கியதும் வடக்கே கரையோரத் தெருவில் நடந்து, படம் எடுக்கும் இடத்துக்குப் போய்விடுங்கள். காலை வெளிச்சம் வீடுகளின் முகத்தில் விழும். பிறகு திரும்பி வந்து சந்தைச் சதுக்கத்தில் அம்மாவை உட்கார வையுங்கள்.

கத்தோலிக்கத் தேவாலயத்துக்குப் படியேற வேண்டும், ஆனால் அந்த ஒரு ஏற்றத்தை மெதுவாகவாவது ஏறச் சொல்வேன். அங்கே எலும்புகளை வைத்திருக்கும் அறை ஒன்று இருக்கிறது. கல்லறைக்கு இடம் போதாததால் எலும்புகளைத் தோண்டியெடுத்து, மண்டையோட்டில் பெயரும் பூவும் இலையும் தீட்டி அங்கே வைத்தார்கள். அறுநூறுக்கும் மேல் அப்படித் தீட்டியவை. கடைசியாக வைத்தது 1995இல்.