ஆழ்கடலில் எண்ணெய் எடுக்கும் செலவைக் குறைக்க முடியுமா?

முடியும். பணம் அதிகம் கரைவது கிணறு தோண்டுவதில்தான். விடியற்காலையில் கடலூர் துறைமுகத்தில் ஐஸ் கட்டியை உடைத்து ஏற்றிக்கொண்டு கிளம்பும் விசைப்படகைப் பாருங்கள். மீன் பட்டாலும் படாவிட்டாலும் டீசல் எரியும். துளையிடும் கப்பலும் அப்படித்தான். புயலுக்காகச் சும்மா நின்றாலும் நாள் வாடகை ஏறும். கிணறுகளை ஒரே மாதிரி வடிவமைத்து அடுத்தடுத்துத் துளைத்தால் நாட்கள் மிச்சம். கிணற்றிலிருந்து எண்ணெய் பீறிட்டு வெளியேறாமல் அடைக்கும் வெடிப்புத் தடுப்பு வால்வில் மட்டும் சிக்கனம் வேண்டவே வேண்டாம். கசிந்தால் முதலில் அடிபடுவது நம் மீனவர்கள்தான்.

அதைவிடப் பெரிய வழி, கடலில் எண்ணெய் எடுக்கும் புது மேடை கட்டாமல், கிணற்றை ஏற்கெனவே இருக்கும் மேடையோடு கடலடிக் குழாயால் இணைப்பது. காக்கிநாடாவுக்கு அப்பால், 2,000 மீட்டருக்கும் அதிக ஆழத்திலுள்ள ஆர் கிளஸ்டர் என்ற வயலின் எரிவாயு, சுமார் 60 கி.மீ. தள்ளியிருந்த பழைய மேடைக்கு 2020 டிசம்பரில் இப்படித்தான் வரத் தொடங்கியது. குழாய் நீண்டால் ஒரு தொல்லை: கடலடிக் குளிரில் பனிக்கட்டி போன்ற ஹைட்ரேட் உறைந்து உள்ளே அடைத்துக்கொள்ளும். அதைத் தடுக்கும் ரசாயனச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

புது மேடை கட்டியே ஆக வேண்டும் என்றாலும் வழி உண்டு. மெக்சிகோ வளைகுடாவில் மேட் டாக் என்ற எண்ணெய் வயலின் 2ஆம் கட்ட மேடையின் வடிவமைப்பை எளிமையாக்கியே, 2,000 கோடி டாலரைத் தாண்டிய மதிப்பீட்டை 900 கோடிக்கு இறக்கியது பிபி எண்ணெய் நிறுவனம்.