இடித்த பிறகும் கட்டின கடன்

கேள்வி: அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துக் கிங்டோம் உள்ளரங்கத்தை 24 வருடத்திலேயே வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்களாமே, அவ்வளவு மட்டமாகவா கட்டினார்கள்?
(திருப்பூர் வாசகர் ஒருவர்)

பதில்: மட்டமான கட்டடத்தைச் சாய்க்க இரண்டு டன் வெடிமருந்து எதற்கு? நடுவில் ஒரு தூண் இல்லாமல் 660 அடி விட்டத்துக்குக் கவிந்து நின்ற கான்கிரீட் கூரை அது. 2000 மார்ச் 26 அன்று 17 வினாடிக்குள் உட்கார்ந்துவிட்டது. ஒரு நாள் பொறுத்திருந்தால் திறந்து சரியாக 24 வருடம்.

கூரை உறுதிதான், ஆனால் ஒழுகியது. அங்கேதான் வம்பு. 1994 ஜூலையில் ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்கு வாசலைத் திறக்க அரை மணி நேரம் இருக்கும்போது, உட்கூரையில் பதித்திருந்த ஒலி உறிஞ்சும் டைல்ஸ் நான்கு, தண்ணீரில் ஊறி ஆளுக்குப் பன்னிரண்டு கிலோ கனத்தில், காலி நாற்காலிகள் மேல் பொத்தென்று விழுந்தன. அரை மணி கழித்து விழுந்திருந்தால்? எல்லா டைல்ஸையும் கழற்றிச் சரிசெய்ய 5.1 கோடி டாலர் ஆனது. அந்த வேலையில் கிரேன் விபத்தில் இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். அரங்கத்தைக் கட்டினதே 6.7 கோடியில்தான்!

சரி, இவ்வளவு கொட்டிவிட்டு ஏன் இடித்தார்கள்? அணி முதலாளிகளுக்குப் பிடிக்கவில்லை. பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்து, சாக்கர், கூடைப்பந்து எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே என்று கட்டினது, எதற்கும் முழுசாகப் பொருந்தவில்லை. சியாட்டிலின் பேஸ்பால் அணியான மரினர்ஸ் தனி மைதானம் கேட்டது, கிடைக்காவிட்டால் ஊரைவிட்டே போய்விடுவோம் என்றது. 1995 செப்டம்பரில் அதற்கான வரியை வாக்கெடுப்பில் மக்கள் மயிரிழையில் நிராகரித்தார்கள். அடுத்த மாதமே அதே கிங்டோமில், 57,000 பேர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, 11-ஆவது இன்னிங்ஸில் மரினர்ஸின் எட்கர் மார்டினெஸ் அடித்த ஒரே அடியில் எதிரணியான நியூயார்க் யாங்கீஸ் காலி. மைதானத்தின் முதல் ‘பேஸி’லிருந்து ஓட ஆரம்பித்த சக வீரர் கென் கிரிஃபி ஜூனியர் நிற்காமல் ஓடி வந்து வெற்றி ரன்னை எடுத்தார். ஊருக்கே கிறுக்குப் பிடித்தது, மாநிலச் சட்டமன்றம் வேறு வழியில் பணத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டது. கிங்டோமுக்குக் குழி வெட்டினது அது கொண்டாடின அந்த ராத்திரிதான் என்பேன்.

1997-இல் இன்னொரு வாக்கெடுப்பு, இது ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான சீஹாக்ஸின் புது மைதானத்துக்கு. இம்முறை கொஞ்ச வித்தியாசத்தில் ஜெயித்தார்கள், தகர்த்த இடத்திலேயே 2002-இல் புது மைதானம் வந்துவிட்டது. பழைய அரங்கத்தின் கடனோ அப்படியே நின்றது. ஓட்டலில் அறை எடுத்தவர்களிடம் வசூலித்த வரியைப் போட்டு அதை ஒருவழியாக அடைத்தது 2015-இல்.